பெட்டிக்கு ஒரு நாள் லீவு

ஆகஸ்ட் 15, வெள்ளி
ஆடிக் கடைசி வெள்ளி. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். எங்கள் கடைகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும், என்னோடு தங்கியிருக்கும் என் தம்பி மகன் பரணிதரன் சாப்பிட்ட கையோடு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் எங்கள் முதலாளியின் ஐந்து செருப்புக் கடைகளையும் வரைந்தான். பில் போடும் மிஷின் மட்டும் பதினொன்று.
"பில்லெல்லாம் ஓட்டுற சர்வர் பெட்டி, கடைக்கு ஒரு குட்டி வேணும் அத்தே. ஆம்பூர்ல பெரிய பெட்டி நின்னாக்கூட மத்த கடைல பில் ஓடும்."
எனக்கு இன்னா தெரியும்? தலையாட்டினேன். மஞ்சள் கை தாளில் பட்டுவிட்டது. "பிளானுக்கே பொட்டு வெச்சிட்டியா" என்று சிரித்தான்.

ஆகஸ்ட் 20, புதன்
முதலாளி அப்துல் ஹமீத் பாய், "அஞ்சு எதுக்குப்பா, ஆம்பூர்ல ஒண்ணு போதும்" என்றாராம். யாரும் கை வைக்கக் கூடாதென்று, பெட்டி வைக்கிற ஸ்டோர் ரூமுக்குப் பரணி புதுப் பூட்டு கேட்டிருக்கிறான். "சாவி கோவிந்தம்மாகிட்ட இருக்கு, உன் அத்தைதானே" என்றாராம். ஆம்பூர் கடையைப் பெருக்கிப் பூட்டுகிறவள் நான்தானே. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி
பெட்டி வந்தது. திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

அக்டோபர் 1, புதன்
ஆயுத பூஜை. எங்கள் கடைக்கு மட்டும் லீவு. வருஷா வருஷம் பாய்தான் பொரி, பழமெல்லாம் வாங்கித் தருவார். துடைப்பம், ஏணி, கல்லா, கடைசியாக அந்தப் பெட்டி — எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். பூஜை போட்ட ஆயுதம் அன்றைக்கு வேலை செய்யக் கூடாது. சுவிட்சை அணைத்தேன். பக்கத்தில் பேட்டரி கீ கீ என்று கத்தியது. பசிக்குதாடா என்று கேட்டு அதையும் அமுக்கினேன். பூட்டிக்கொண்டு, போனையும் எடுக்காமல் கோயிலுக்குப் போய்விட்டேன்.
லீவு நாள் கூட்டம். நாலு கடையிலும் மத்தியானம் வரைக்கும் பில் ஓடலையாம். ஜனம் செருப்பை வெச்சிட்டுப் போய்ட்டாங்களாம். பரணிதான் கோயிலுக்கு ஓடி வந்து என்கிட்ட சாவி வாங்கிட்டுப் போய் பெட்டியைப் போட்டான்.
ஆம்பூர்ல நின்னாக்கூட ஓடும்னு சொன்னானே? அது அஞ்சு பெட்டி இருந்தா. இருக்கிறது ஒண்ணு. தாயே, எனக்கு அது தோணலையே.

அக்டோபர் 3, வெள்ளி
எல்லோர் முன்னாலும் பாய் கேட்டார்: "பொட்டி எப்டி நின்னுச்சு?"
பரணி என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சரியா செட் பண்ணல பாய்."
"அப்ப நாளைலேர்ந்து வராத."
ஓயாமல் பேசுகிறவள் நான். துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாய் வரல. ஏன் வரல?
வீட்டுக்கு வந்து சொன்னான்: "நீ எதுவும் சொல்லாத அத்தே. எனக்கு வேற எடம் கெடைக்கும். உனக்கு யார் குடுப்பா?"

அக்டோபர் 9, வியாழன்
பெங்களூர் ரயில் ஏறிட்டான். இனி ஒரு ஆள் சோறுதான்.

அக்டோபர் 11, சனி
புரட்டாசி கடைசி சனி. பெருமாள் முன்னால் நிற்க முடியவில்லை. நேரே பாயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அங்கேயே போன் போட்டார். "இங்க சேர்ந்துட்டேன் பாய்" என்றானாம் பரணி.
என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம்.

நவம்பர் 17, திங்கள்
கார்த்திகை ஒண்ணு. பரணி இடத்துக்கு வந்திருக்கும் பையன் பெயர் ஜோசுவா. ஐந்து கடைக்கும் ஐந்து பெட்டி வாங்கியாகிவிட்டது. பாய் டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இதுல இருக்கிறபடி வை" என்று அவனிடம் கொடுத்தார். ஓரத்தில் என் மஞ்சள் விரல்.
ஸ்டோர் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டான். முந்தானையில் முடிந்திருந்த பழைய சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன்.
சாயங்காலம் பரணிக்குப் போன் போட்டேன். "சாப்ட்டியா அத்தே?" என்றான்.
"சாப்ட்டேன்."