எட்டு எலிகளும் தாகத்தால் சாகவில்லை

அனுப்புநர்:
விலங்குக்கூடப் பராமரிப்பாளர்
(தற்போது கண்ணாடிக்கலன் கழுவும் பிரிவு),
மருந்துப் பாதுகாப்புச் சோதனைக்கூடம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மருந்துத் தரக் கட்டுப்பாட்டு ஆணையகம்.

பொருள்: மாதிரி எண் 31 (மீன்பித்தத் தூள்) – எலிச் சோதனையை முறை தவறி நடத்திப் பாதுகாப்புச் சான்று வழங்கியது – தூளைக் கடைகளிலிருந்து உடனே திரும்பப் பெற வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த ஐந்து மனுக்கள், அவற்றுக்கு வந்த மூன்று பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் ஆறாவது மனு. முந்தைய ஐந்தும் தங்கள் மேசைக்கு வரவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். வந்தும் இப்படியே கிடக்கின்றன என்று நினைக்க மனம் வரவில்லை.

1. பதினோரு ஆண்டுகளாக நான் எலி பார்ப்பவள். தீனி வைப்பது, தண்ணீர்க் குப்பியை நிரப்புவது, கூண்டில் விரித்த உமியை மாற்றுவது, தினமும் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மருந்தைப் பற்றி எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் எலி காலையில் எப்படி இருந்தது, மாலையில் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அரசு என்னை வைத்திருந்தது.

2. கடந்த ஜூலையில் மாதிரி எண் 31 வந்தது. உலர்த்திய மீன்பித்தமும் சுட்ட சிப்பிச் சாம்பலும் கலந்த தூள். குழந்தைகளின் சளி இருமலுக்கு வெகுகாலமாகக் கொடுத்துவருவதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். முப்பது சுண்டெலிகளை ஆறு கூண்டுகளில் பிரித்தோம். பத்துக்கு வெறும் தண்ணீர், பத்துக்குத் தீனியில் கலந்து குறைந்த அளவு தூள், பத்துக்குக் கூடுதல் அளவு. இருபத்தெட்டு நாள் சோதனை.

3. ஏழாம் நாள் வரை குறையொன்றும் இல்லை. எட்டாம் நாள் கூடுதல் அளவு கொடுத்த கூண்டுகளில் எலிகள் மயிர் சிலிர்த்து மூலையில் சுருண்டன. உமி மாற்றப் போனேன். மாற்றத் தேவையே இல்லாமல் முந்தைய நாள் போட்டபடி காய்ந்து கிடந்தது. எலிகள் சிறுநீர் கழிக்கவில்லை. "உமி நனையவில்லை" என்று பதிவேட்டில் எழுதினேன். ஒன்பதாம் நாள் இரண்டு செத்தன. பதினான்காம் நாளுக்குள் அந்தப் பத்தில் ஆறு போய்விட்டன. குறைந்த அளவு கொடுத்த பத்தில் இரண்டு. வெறும் தண்ணீர் குடித்த பத்தும் கூண்டுக் கம்பியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

4. பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். "எலி சாகத்தானம்மா வாங்குறோம்" என்றார். சரிதான். ஆனால் எதனால் செத்தது என்று எழுதவும்தானே வாங்குகிறோம் என்று கேட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

5. மறுநாள் எனக்குக் குறிப்பாணை வந்தது. உமி காய்ந்திருந்ததாக நானே எழுதியிருப்பதால், எலிகளுக்கு நான் தண்ணீர் வைக்கவில்லை என்பது நிரூபணமாகிறதாம், எட்டு எலிகளும் தாகத்தால் செத்தனவாம், சோதனை செல்லாதாம். ஐயா, ஆறு கூண்டுக்கும் ஒரே வண்டியில், ஒரே குழாயிலிருந்து, ஒரே கையால் தண்ணீர் வைத்தவள் நான். என் கை எந்தக் கூண்டில் எந்த மருந்து என்று பார்த்துப் பார்த்தா வஞ்சகம் செய்யும்? ஒவ்வொரு குப்பியிலும் தண்ணீர் மட்டத்துக்கு மெழுகுக்கோலால் கோடு போடுவது என் வழக்கம். செத்த எலிகளின் குப்பிகளில் தண்ணீர் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. தண்ணீர் இருந்தது, குடிக்கத்தான் அவற்றுக்குத் திராணி இல்லை. இதை விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னைக் கண்ணாடிக்கலன் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

6. செப்டம்பரில் புதிய எலிகளை வைத்து மறுசோதனை தொடங்கியது. எட்டாம் நாள் காலை அந்த ஆறு தண்ணீர்க் குப்பிகளும் கழுவுவதற்கு என் தொட்டிக்கு வந்துவிட்டன. ஏன் என்று விசாரித்தேன். ஏழு நாளிலேயே எலிகள் நன்றாக இருப்பதால் சோதனை முடிந்தது என்றார்கள். ஒன்பதாம் நாள் சாகிற எலியை ஏழாம் நாளே எடை போட்டு அனுப்பிவிட்டால், அது எந்த அறிக்கையில் வந்து சாகும்? "உயிரிழப்பு ஏதுமில்லை, பாதுகாப்பானது" என்று சான்று போயிற்று. இதில் யாருக்கு என்ன ஆதாயம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவது என் வழக்கமில்லை.

7. அதன்பிறகுதான் மனு எழுத ஆரம்பித்தேன். முதல் மனு "உரிய பிரிவுக்கு" அனுப்பப்பட்டது. உரிய பிரிவின் தலைவர், நான் யார்மீது புகார் சொன்னேனோ அவரே. அவர் தம்மைத் தாமே விசாரித்து, தம்மீது தவறில்லை என்று கண்டறிந்தார். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதில் "எட்டு உயிர்கள் போயின" என்று எழுதிவிட்டேன். இறந்தவர்களின் வாரிசுச் சான்றிதழை இணைக்குமாறு பதில் வந்தது. நான்காவதற்கு, எலிகளின் உடற்கூறு அறிக்கையை இணைக்கச் சொன்னார்கள். அது இருக்கும் அலமாரியின் சாவி பிரிவுத் தலைவரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஐந்தாவது என்ன ஆயிற்று என்பது தங்கள் அலுவலகத்துக்கே வெளிச்சம்.

8. இதுவரை எழுதியது அலுவலக விஷயம். இனி எழுதுவது என் வீட்டு விஷயம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் அண்ணன் மகளுக்கு நாலு வயது. மூச்சிரைப்பு உண்டு. டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சமையலறை அலமாரியில் இந்தத் தூள் டப்பா இருந்தது. திறந்ததுமே வாடை தெரிந்துவிட்டது; இரண்டு வாரம் என் கையில் இருந்த வாடை. இதைக் கொடுக்காதீர்கள் என்று அண்ணியிடம் கெஞ்சினேன். அண்ணி டப்பாவைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க ஆபீஸ் முத்திரைதான இது? நீ எலி பாக்குறவ. எனக்குப் புள்ள பாக்கத் தெரியும்."

எங்கள் முத்திரைதான் அது.

பிப்ரவரி முதல் வாரம் அண்ணி தொலைபேசியில் பேசினார். சண்டை மறந்து, சந்தோஷமாகப் பேசினார். சளி மட்டுமல்ல, இன்னொன்றுக்கும் இந்தத் தூள் கேட்கிறது என்றார்.

"ரெண்டு நாளா புள்ள படுக்கைய நனைக்கவே இல்ல, தெரியுமா?"

கழுவிக்கொண்டிருந்த குடுவையைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, அனுமதிகூடக் கேட்காமல் ஓடினேன். (அதற்கும் ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது.) குழந்தையின் கண் இமைகள் வீங்கியிருந்தன. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. இரண்டு முறை ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்தார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். எலியில் பார்த்தேன் என்றேன். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். இப்போது உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். அத்தைதான் ஊசி போட வைத்தாள் என்று என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

9. அவளுக்கு அத்தை எலி பார்ப்பவள். மற்றப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கடையில் நேற்றும் இந்தத் தூளை அடுக்கிவைத்திருந்தார்கள். அந்த எட்டு எலிகளுக்கு ஒரு கடமை இருந்தது. பிள்ளைக்கு முன்னால் தாங்கள் செத்து, நமக்குச் சொல்ல வேண்டும். அவை சொல்லிவிட்டன. நான் எழுதியும் வைத்தேன். இதற்குமேல் எலியால் என்ன செய்ய முடியும்?

10. ஆகவே நான் வேண்டுவது: தூளை இன்றே கடைகளிலிருந்து எடுக்க உத்தரவிடுங்கள். அலமாரியைத் திறக்கச் செய்து ஜூலைப் பதிவேட்டையும் உடற்கூறு அறிக்கையையும் தாங்களே படித்துப் பாருங்கள். வேறொரு கூடத்தில் இருபத்தெட்டு நாளும் முழுதாகச் சோதிக்கச் சொல்லுங்கள். தூள் நல்லது என்று அங்கே தெரிந்தால், என் தவற்றை ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போகிறேன். என்மீதுள்ள இரண்டு குறிப்பாணைகளையும் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். குடுவை கழுவுவதில் எனக்கு வெட்கமில்லை. தயவுசெய்து இம்மனுவை மட்டும் "உரிய பிரிவுக்கு" அனுப்பிவிடாதீர்கள்.

தபாலில் நம்பிக்கை போனதால் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். தாங்கள் அழைக்கும்வரை முன்கூடத்தில் காத்திருப்போம்.

இணைப்பு: ஜூலை மாத எடைகளும் இறப்புகளும் எழுதிய என் கைநோட்டு, மருத்துவமனை அறிக்கையின் நகல், மீதித் தூளுடன் டப்பா, முந்தைய பதில்கள் மூன்று.

இடம்: ஆணையக முன்கூடம்
நாள்: மார்ச் 14

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
விலங்குக்கூடப் பராமரிப்பாளர்

குழந்தையின் தாய் தம் கைப்பட எழுதியது:

ஐயா, மேலே எழுதுனது எல்லாம் நெசம். தூள நான்தான் குடுத்தேன். நாத்தனார் சொன்னப்ப நான் கேக்கல. நீங்களாவது கேளுங்க.

(கையொப்பம்)