கேள்விக்குள் வைத்த பதில்

செவ்வாய். ஐப்பசி மழை விடவில்லை.

இன்று என் வேலை ஒன்று திரும்பி வந்துவிட்டது. அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டு எண் போடுவது என் வேலை. ஒரு பெண்ணுக்குக் கையில் காயம். தவறிப் பட்டதா, தானே செய்துகொண்டதா என்று குறிப்பில் இல்லை. நாமாக ஊகிக்கக் கூடாது, டாக்டரிடம் எழுதிக் கேட்க வேண்டும். ‘தவறிப் பட்ட காயம்தானே?’ என்று கேட்டிருந்தேன்.

டீம் லீடர் என் மேசைக்கே வந்தார். “ஏனுங்க கவிதா, கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுட்டா டாக்டர் ஆமான்னுட்டுப் போயிருவாருங்க. எப்படி ஆச்சுன்னு மட்டும் கேளுங்க.”

சேலத்திலிருந்து ராசிபுரம் வரும்வரை பஸ்ஸில் அதே நினைப்பு. போன வருஷம் தங்கை கிணற்றில் விழுந்து பிழைத்தபோது அம்மா, அப்பா, நான் எல்லோரும் அவளிடம் கேட்டது ஒன்றுதான். “கால் வழுக்கிருச்சுதானே சாமி?” அவளும் ஆமாம் என்றாள். நாமக்கல் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து எதைக் கேட்டாலும் ஆமாம் மட்டும்தான். வாயாடி அவள். என்னைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருப்பாளே, அந்தக் குரலுக்கு மனசு கிடந்து ஏங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. “அன்னைக்கு என்ன ஆச்சு சாமி?” என்றேன்.

அவள் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவது கேட்டது.

“சனிக்கிழமை ஊட்டுக்கு வாரேன்க்கா. அம்மா இல்லாதப்ப சொல்றேன்.”

இன்றைக்குச் செவ்வாய்தான் ஆகிறது.