பேரிஜம் போன ஏழு பேர்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14 ஏப்ரல் 1936

என் பிரியமுள்ள தங்கை கிருபைக்கு,

அண்ணன் வேதசிரோமணி எழுதிக்கொண்டது. நானும் உன் மதினியும் ஆண்டவர் தயவால் சுகம். நீயும் மாப்பிள்ளை தேவஇரக்கமும் பிள்ளைகளும் சுகந்தானே? ராஜபாளையம் என்ன கடல் கடந்தா இருக்கிறது? ஏழு மைலில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் முகம் காட்டாமல் இருக்கிறாயே என்று உன் மதினி குறைப்படுகிறாள்.

விஷயம் இதுதான். மே மாத லீவில் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஆறு பேர் கொடைக்கானலுக்குக் கால்நடையாகப் போகிறோம். மோட்டார் ரோடு இருக்கிறது. ஆனால் பெரியகுளத்திலிருந்து பழைய குதிரைப்பாதையில் ஏறிப் போவதுதான் எங்கள் ஆசை. அங்கே ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் பதின்மூன்று மைல் காட்டுக்குள் நடந்து பேரிஜம் ஏரிக்குப் போகிறோம். கூட்டத்துக்கு நான்தான் தலைவன். எல்லாம் பத்து நாள்.

ஏழாவது ஆளாக மாப்பிள்ளையை அனுப்பு. போன மாதம் வந்தபோதே அவர் சொன்னார்: “பதினாறு வருஷமாப் பூகோளம் நடத்துறேன் அத்தான். நம்ம ஊர்க் கண்மாயத் தவிர ஒரு ஏரியும் பாத்ததில்ல.” நீ குறுக்கே நிற்காதே.

உன் அண்ணன்,
வேதசிரோமணி


ராஜபாளையம்,
18 ஏப்ரல் 1936

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

கிருபை எழுதுவது. பிள்ளைகள் சுகம். மூத்தவள் அன்னத்தாய் பரீட்சையில் தேறிவிட்டாள். இரண்டு பின்னல் போட்டுக்கொள்ளலாமா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை. பங்குனியில் நாங்கள் அய்யனார் கோவில் அருவிக்குப் போனபோது, பாதி ஏற்றத்தில் உங்கள் மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். “ஒண்ணுமில்ல ஏட்டி, வெயிலு” என்றார்கள். முகம் வெளுத்திருந்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் சிரிக்கிறார்கள்.

இதை வைத்து வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கடிதம் வந்த மறுநாளே கான்வாஸ் ஜோடு வாங்கிவிட்டார்கள். விடிந்ததும் கண்மாய்க் கரையில் நடந்து பழகுகிறார்கள். கல்யாணத்தின்போதுகூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷம் பார்த்ததில்லை. எப்படி மறிப்பேன்?

அதனால் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணா. ஏற்றத்தில் அவர்களை முன்னே விட்டு நீங்கள் பின்னே வாருங்கள். எங்கேயும் தனியே விட்டுவிடாதீர்கள். இதற்கு உங்கள் வாக்கு வேண்டும்.

உங்கள் தங்கை,
தேவகிருபை


கொடைக்கானல்,
11 மே 1936

பிரியமுள்ள கிருபைக்கு,

எல்லோரும் சுகமாய் வந்து சேர்ந்தோம். நான் வாக்குக் கொடுத்தபடியே ஏற்றம் முழுவதும் மாப்பிள்ளைக்குப் பின்னால்தான் வந்தேன். எங்கள் டிரில் மாஸ்டர் கருத்தையா முன்னால் ஓடுவார். நாங்கள் இரண்டு பேரும் நின்று நின்று வருவோம். செண்பகனூர் வந்ததும் குளிர் தாங்கவில்லை. மாப்பிள்ளை என் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கண் மட்டும் தெரிய நடந்தார்.

நேற்று ஆராதனை முடிந்ததும் ஏரியைச் சுற்றி நடந்தோம். மூன்று மைல் சுற்றளவு என்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மாப்பிள்ளை நின்று காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டார். “லீவு முடிஞ்சு வகுப்புல இத அப்படியே போர்டுல போடுவேன் அத்தான்” என்றார். கரையில் குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது தண்ணியில்ல, கத்தி” என்று கையை உதறினார். எல்லோரும் சிரித்தோம்.

நாளை விடிந்ததும் பேரிஜம். அன்னத்தாயிடம் இரண்டு பின்னல் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்.

அண்ணன்,
வேதசிரோமணி


கொடைக்கானல்,
14 மே 1936

என் தங்கை கிருபைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். என்ன எழுதுவேன்? மாப்பிள்ளை நம்மை விட்டுப் போய்விட்டார். நேற்று மாலை இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். உடலை ஊருக்குக் கொண்டுவரவோ, நீ வந்து சேரும்வரை வைத்திருக்கவோ வழியில்லாமல் போயிற்று.

உன் மனது ஆறுவதற்காக எழுதுகிறேன். பேரிஜம் ஏரியைக் கண்ணாரப் பார்த்தார். கரையில் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “கிருபையக் கூட்டியாந்திருக்கணும் அத்தான்” என்றார். அப்படியே கண்ணை மூடிவிட்டார். வேதனை இல்லை. கடைசியாக அவர் வாயில் வந்தது உன் பெயர்தான்.

ஆண்டவர் உன்னைத் தாங்குவாராக. திங்கட்கிழமை நேரே உன் வீட்டுக்கு வருகிறேன்.

அண்ணன்


ராஜபாளையம்,
27 ஜூன் 1936

அண்ணனுக்கு,

நேற்று கருத்தையா சாரும் அவர் சம்சாரம் ஆவுடையம்மாளும் துக்கம் கேட்க வந்தார்கள். நான் காப்பி கொடுத்துவிட்டு, “ஏரிக்கரையில எந்த இடத்துல சார் உக்காந்திருந்தாவ?” என்று கேட்டேன். அவர் ஆவுடையம்மாளைப் பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏரிக்கரைக்கு வரவேயில்லையேம்மா” என்றார்.

ஏரிக்கு இரண்டு மைல் முன்னாலேயே அவர்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்களாம். நீங்கள் ஆறு பேரும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது உயிர் இல்லையாம். யாரோ ஒரு விறகு சுமக்கிற பெண்தான் பக்கத்தில் இருந்தாளாம். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் பேசினார். தெரியாது என்று கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணா, ஆறு வாரம் உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். கடைசியாக என் பெயரைச் சொன்னார்கள் என்று பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நடந்ததை எழுதுங்கள். நேரில் வர வேண்டாம்.

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2 ஜூலை 1936

கிருபை,

கருத்தையா சொன்னது உண்மை. நான் எழுதியது பொய்.

பதினோராவது மைல் வரை பின்னாலேயேதான் வந்தேன். அங்கே அவர் ஒரு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். “நீங்க போங்க அத்தான். நான் செத்த நேரம் இருந்துட்டுப் பொறவு மெல்ல வாரேன்” என்றார். மற்றவர்கள் வளைவுக்கு அப்பால் போய்விட்டார்கள். கருத்தையா அங்கிருந்து சத்தம் கொடுத்தார்: “மூடுபனி வெலகுது சார், வெரசா வாங்க! இப்ப விட்டா ஏரி தெரியாது!”

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். உதடு கறுத்திருந்தது. அதைக் கண்டேன் கிருபை. காணவில்லை என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ எழுதியதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பன்னிரண்டு மைல் ஏறி, அதற்குமேல் பதினோரு மைல் நடந்து, இரண்டு மைலில் திரும்ப எனக்கு மனமில்லை. “ஒண்ணரை மணி நேரத்துல வந்துருதேன் மாப்பிள” என்றேன். போய்விட்டேன்.

திரும்ப மூன்று மணி நேரமானது. பனி விலகி ஏரி முழுதும் தெரிந்தது. கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். ஒரு சங்கீதம்கூடப் பாடினோம். நான்தான் ராகம் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் தலை ஒரு விறகுக் கட்டின்மேல் இருந்தது. பூம்பாறையைச் சேர்ந்த செல்லத்தாய் என்ற பெண், முகத்தில் வெயில் விழாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “போயிருச்சு சாமி” என்றாள். இன்னும் என்னவோ சொல்ல வந்தாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. உடலைத் தூக்கிப் போக டோலி கட்டுவதிலேயே குறியாக இருந்தேன். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

உன் பெயரை நானாக எழுதினேன். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், என்னை யாரும் கேள்வி கேட்காமலிருக்கத்தான் எழுதியிருக்கிறேன்.

வேதசிரோமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
29 டிசம்பர் 1936

அன்புள்ள கிருபைக்கு,

பண்டிகைக்கு உன் மதினி பலகாரம் கொண்டு வந்தாள். அவளை உட்காரவைத்துச் சோறு போட்டாயாம். பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டைகளையும் வாங்கிக்கொண்டாயாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம்.

நான் பதில் கேட்டு எழுதவில்லை. சுகமாக இருக்கிறாயா என்று மட்டும் அறிய ஆசை.

அண்ணன்


ராஜபாளையம்,
1 ஜூன் 1937

அண்ணனுக்கு,

கிருபை எழுதுவது.

இந்த மே மாதம் கருத்தையா சார் கூட்டிப்போன கூட்டத்தில் நானும் போனேன். ஆவுடையம்மாளும் வந்திருந்தாள். பெரியகுளத்திலிருந்து நீங்கள் போன அதே பாதையில் நடந்தோம். காலில் கொப்புளம் வந்தது. என்றாலும் எங்கும் பின்தங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் இருக்கிற இடத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நீலப் பூ பூத்திருக்கிறது. என்ன பூ என்று தெரியவில்லை.

செல்லத்தாயைத் தேட வேண்டியிருக்கவில்லை. பூம்பாறையில், வாத்தியார் இறந்தபோது கூட இருந்த பெண் யார் என்று கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அவளே எங்களோடு அந்த மரத்தடிவரை வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சாரு தாயி. மூச்சு வாங்குச்சு. ‘ஏரி கிட்டத்தான் சாமி, நான் ஓடிப்போய் உங்க ஆளுகளக் கூட்டியாரேன்’னு எந்திரிச்சேன். கையப் பிடிச்சு நிறுத்திட்டாரு. ‘வேண்டாம்மா, அவிய பாக்கட்டும். எம்புட்டு தூரம் நடந்து வந்திருக்காவ’ன்னாரு.”

“பொறவு?” என்று கேட்டேன்.

“பொறவு குளுருதுன்னாரு. என் துப்பட்டியப் போத்துனேன். அவ்வளவுதான்.”

என் பெயரைச் சொன்னார்களா என்றும் கேட்டேன். “இல்ல தாயி” என்றாள்.

அதற்குப் பிறகு ஏரிக்குப் போனோம். பெரிய ஏரி. சத்தமே இல்லை. அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது. வந்தவுடன் இதை உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவர்களே உங்களைக் கூப்பிட வேண்டாம் என்று தடுத்தது உங்களுக்குத் தெரியக்கூடாது, அந்தப் பாரம் குறையாமல் அப்படியே கிடக்கட்டும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தலைகுனிந்திருக்கும்போது மனது குத்தியது. அவர்கள் கடைசியாகச் சொன்னதாக நீங்கள் இல்லாத வார்த்தையை எழுதினீர்கள். இருக்கிற வார்த்தையை நான் உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். என்ன வித்தியாசம்?

அதனால் எழுதிவிட்டேன். ஆனால் அவர்கள் தடுத்தது அவர்களுடைய நல்ல மனது. அதனால் நீங்கள் விட்டுப் போனது சரியென்று ஆகிவிடாது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. எழுதியிருந்தால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு பொய் வந்திருக்கும்.

அன்னத்தாயை உங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். அவள் உங்கள் வீட்டிலிருந்து படிக்கட்டும். மதினியிடம் சொல்லுங்கள். அப்பா எப்படி இறந்தார் என்று இப்போதெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறாள். நான் வாசித்துக் காட்டிய கடிதம் பொய் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அதை நான் சொல்வது முறையில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். உதடு கறுத்திருந்ததையும் சொல்லுங்கள், செல்லத்தாய் சொன்னதையும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் சொல்லும்போது நானும் அந்த அறையிலேயே இருப்பேன் அண்ணா.

உங்கள் தங்கை,
தேவகிருபை