சொன்னது சொன்னபடி

பரமத்தி,
21-9-1936

அன்புள்ள மாமாவுக்கு,

சௌந்திரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். செவலைப் பசுவுக்கு மட்டும் காலில் முள் குத்திவிட்டது. நம் கல்யாணத்தில் உங்களுக்கு நடந்ததைவிட அதிக உபசாரம் இப்போது அதற்குத்தான் நடக்கிறது. நீங்கள் பட்டணம் போய்ச் சேர்ந்ததை உங்கள் அண்ணா எழுதியிருந்தார். நீங்கள் எழுதவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். "சரி" என்றீர்கள், "போதும்" என்றீர்கள். புறப்படும்போது தலையை ஆட்டினீர்கள். பெண் பார்க்க வந்தபோதும் அப்பா கேட்டதற்கெல்லாம் உங்கள் அண்ணாதான் பதில் சொன்னார். உங்கள் பெயரைக்கூட அவர்தான் சொன்னார். குப்பாயி அத்தை, "வக்கீலுக்குப் படிக்கறவங்க சும்மா பேசமாட்டாங்க கண்ணு. பேச்சையெல்லாம் கோர்ட்டுக்குன்னு எடுத்து வெச்சிருப்பாங்க" என்கிறார். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்களோ? அப்படியிருந்தால் அதையாவது எழுதிவிடுங்கள்.

அப்பாவுக்கு உங்களால் தலைகால் புரியவில்லை. நாமக்கல் கோர்ட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஆபீஸ் வைக்க இடம் பார்த்தாயிற்று. "ராசப்பன், வக்கீல்" என்று பலகை எழுதவும் ஆளிடம் சொல்லிவிட்டார். நீங்கள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இப்படிக்கு,
சௌந்திரம்

சென்னை,
28-9-1936

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கோபமாக எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆறு வருஷமாக இந்த ஹாஸ்டலுக்கு எனக்கு வந்ததெல்லாம் அண்ணாவின் உத்தரவுகள்தான். என்னை ஒரு கேள்வி கேட்டு எழுதிய முதல் ஆள் நீ. நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

நான் பேசாமல் இருந்தது கர்வத்தால் அல்ல. இதை மட்டும் இப்போதைக்கு நம்பு. காரணத்தை எழுத இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

இங்கே காலையில் இரண்டு வகுப்புகள். எனக்குப் பிடித்தது சாட்சியச் சட்டம். ஒருவன் கண்ணால் கண்டதைச் சொல்வது வேறு, காதால் கேட்டதைச் சொல்வது வேறு. அதை எத்தனை விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மற்றவர்கள் தூங்கிவிழுகிற வகுப்பில் நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மாடு பிடிக்கத் தெரியாதவன் என்று அண்ணா என்னைத் திட்டுவார். சட்டப் புத்தகம் எனக்குப் பிடிபடுகிறது.

செவலையின் கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ராசப்பன்

பரமத்தி,
9-10-1936

அன்புள்ள மாமாவுக்கு,

செவலை நடக்கிறது. நானும் தரையில் கால் பாவாமல்தான் நடக்கிறேன். இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தீர்கள்? அப்பா உங்கள் கடிதத்தை இரண்டு தடவை கேட்டார். "எப்பிடி எழுதறாரு பாரு! கோர்ட்டுல எந்திரிச்சு நின்னாருன்னா எதிராளி ஓடிப்போவான்" என்றார்.

இப்போது ஒரு சந்தோஷச் செய்தி. தை இரண்டாம் தேதி எங்கள் ஊரில் வாசகசாலை திறக்கிறார்கள். அப்பாதான் தலைமை. அன்றைக்கு நீங்கள் சொற்பொழிவு செய்வதாக அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நாமக்கல்லில் நோட்டீஸும் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. ஒரு மணி நேரம் பேசினால் போதுமாம். கூட்டத்தின் கடைசியில் பெண்களோடு நானும் உட்கார்ந்து கேட்பேன். இப்போதே என்ன சேலை கட்டுவது என்று பார்த்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள்,
சௌந்திரம்

சென்னை,
17-10-1936

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நோட்டீஸ் அச்சாகிவிட்டது என்றால் இனி நான் ஒளிந்துகொள்ள முடியாது.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "சரி", "போதும்" இரண்டும் எப்படியோ வெளியே வந்துவிடும். நாலு வார்த்தை சேர்ந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். இது உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அண்ணா எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். "தாலி கட்டற வரைக்கும் வாயைத் தொறக்காதே" என்றார். நானும் திறக்கவில்லை. அது என் குற்றம். அண்ணாவை மட்டும் சொல்லிப் பயனில்லை.

இங்கே மாதிரிக் கோர்ட் ஒன்று நடத்தி மாணவர்களை வாதாடச் சொல்வார்கள். போன வருஷம் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வக்கீலாக முடியாது என்று தெரிந்துதான் சட்டம் படிக்க வந்தேன். சட்டம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சட்டம் படித்தவனெல்லாம் வக்கீலாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எழுத்தாகவே செய்கிற வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்று ஜில்லாக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை. வழக்கு மதராஸுக்கு அப்பீல் போகும்போது, தமிழில் இருக்கிற சாட்சியங்களையும் பத்திரங்களையும் இங்குள்ள ஜட்ஜுகளுக்காக இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். சித்திரையில் பி.எல். முடிந்ததும் சேலத்தில் அதற்குப் பரீட்சை எழுதப்போகிறேன்.

உன்னை ஏமாற்றிவிட்டோம். நீ என்ன முடிவு செய்தாலும் அது நியாயம்தான். இந்த ஒரு மாதம் நீ எனக்குக் கடிதம் எழுதியதற்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

ராசப்பன்

பரமத்தி,
2-11-1936

மாமாவுக்கு,

இங்கே கடிதம் வந்தால் வீடே கூடிவிடும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், வாசிக்க வராது. நான்தான் உரக்க வாசிப்பேன். "இரண்டு தடவை கேட்டார்" என்று நான் எழுதியும் உங்களுக்குப் புரியவில்லையா? உங்கள் வீட்டிலும் கடிதத்தை இப்படித்தானே படிப்பார்கள்? ஹாஸ்டலில் இருந்து இருந்து மறந்துவிட்டீர்கள்.

அப்பா, குப்பாயி அத்தை, நெல் வாங்க வந்த இரண்டு பேர், எல்லாரும் உட்கார்ந்திருக்க "நோட்டீஸ் அச்சாகிவிட்டது என்றால்" என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வரியில் திக்குவாய் என்றிருந்தது. நிறுத்தினால் கேட்பார்கள். அதனால் நிறுத்தாமல் வாசித்தேன், கடிதத்தில் இல்லாததை. கடல் காற்று ஒத்துக்கொள்ளாமல் உங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது, டாக்டர் மூன்று மாதம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று கதை விட்டேன். அப்பா பதறிப்போனார். சித்தரத்தை, அதிமதுரம், கொல்லிமலைத் தேன் எல்லாம் பார்சலில் வருகிறது. கோபிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். திக்குவதற்காக அல்ல. மூன்று நாள் என்னை நானே மட்டமாக நினைக்க வைத்தீர்களே, அதற்கு. கடிதம் வாசித்த அன்று மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். அழுது முடித்ததும் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

சௌந்திரம்

சென்னை,
7-11-1936

என் சௌந்திரத்துக்கு,

பார்சல் வந்தது. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தேனை விடவில்லை. அறையில் இருப்பவர்கள் மாமனார் வீட்டு மருந்து என்று பாதிக்கு மேல் தீர்த்துவிட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரை வரைக்கும் நடந்துபோனேன். என்னைக் காப்பாற்ற ஒருத்தி நின்ற இடத்திலேயே கதை கட்டியிருக்கிறாள்! இந்த நன்றியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வராதது இன்று கையிலும் வரவில்லை.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என் கடிதத்தை உள்ளபடி உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிடு. ஒருவர் சொன்னதை ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்வதுதான் நான் செய்யப்போகிற வேலை. என் வீட்டிலேயே அது நடக்காவிட்டால் அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. அண்ணா சொன்ன பொய்க்கு மேலே நாம் இன்னொன்று அடுக்க வேண்டாம். கஷ்டம் உனக்குத்தான் என்று தெரிந்தும் கேட்கிறேன்.

ராசப்பன்

பரமத்தி,
25-11-1936

அன்புள்ள மாமாவுக்கு,

வாசித்துவிட்டேன், முழுவதும்.

திக்குவாய் என்ற இடத்தில் அப்பா அசையவில்லை. உங்கள் அண்ணாவை இரண்டு வார்த்தை வைதார், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் என்றதும்தான் எழுந்துவிட்டார். "அந்தப் பொழப்புக்கா எம்புள்ளையக் குடுத்தேன்? என்ற கெணத்தையே இங்கிலீசுல முழுங்கிப்போட்டானுங்க!" என்று கத்தினார்.

உங்களுக்கு இது தெரியாது. எங்கள் தெற்குக் கிணறு அப்பாவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் பொது. எந்தக் கிழமை யார் தண்ணீர் இறைப்பது என்று முறை உண்டு. எங்கள் வெள்ளிக்கிழமை முறையை அவர்கள் மறித்தார்கள். வழக்குப் போட்டோம். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தோம். மதராஸ் அப்பீலில் தோற்றோம். அந்த முறை தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது என்று அப்பா கூண்டில் ஏறிச் சொன்னாராம். அந்த வரியை மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டாராம். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் திட்டு அந்த மனிதருக்குத்தான்.

பத்து நாள் அப்பா என்னோடு பேசவில்லை. நேற்று வழக்குக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அந்த வரி எங்க விட்டுப்போச்சுன்னு உன்ற ஊட்டுக்காரரைக் காட்டச் சொல்லு. காட்டுனா உன்னை அனுப்பறேன். இல்லீன்னா நீ இங்கயே இரு சாமி" என்றார்.

அவருடைய சாட்சியத்தின் தமிழ் நகலும் அப்பீலுக்காக அச்சடித்த இங்கிலீஷ் புத்தகமும் அனுப்பியிருக்கிறேன். நன்றாகத் தேடுங்கள். அவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போகாமலா இருக்கும்? எனக்கு உங்களிடம் வர வேண்டும்.

உங்கள்,
சௌந்திரம்

சென்னை,
9-12-1936

என் சௌந்திரத்துக்கு,

இந்தக் கடிதத்தையும் உள்ளபடி வாசி. யார் இருந்தாலும் சரி.

தமிழையும் இங்கிலீஷையும் வரிக்கு வரி வைத்து மூன்று தடவை பார்த்தேன். ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. வெகு சுத்தமான வேலை. செய்தவர் பெயர் சுவாமிநாதன் என்று அடியில் போட்டிருக்கிறது.

தமிழில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "கேள்வி: வெள்ளிக்கிழமை முறை எவ்வளவு காலமாக உங்கள் அனுபவத்தில் இருக்கிறது? சாட்சி பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்கப்பட்டது. சாட்சி பதில் சொல்லவில்லை." கடைசியில் "வாசித்துக் காட்டப்பட்டு, சரியென்று ஒப்புக்கொண்டது" என்று எழுதி, கீழே அப்புசாமி என்று உன் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. மற்ற சாட்சிகள் சொன்னதை வைத்துக் கீழ்க் கோர்ட் தீர்ப்பளித்தது. பாத்தியப்பட்டவரே சொல்லாததை மற்றவர்கள் சொல்லி என்ன என்று அப்பீலில் தள்ளிவிட்டார்கள்.

இரண்டு நாள் இதை எழுதாமல் வைத்திருந்தேன். ஏதோ ஒரு வரியைக் காட்டியிருந்தால் நீ வந்துவிடுவாய். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். கேள்விக்கு முன்னால் நின்று பதில் வராமல் போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பழி சுவாமிநாதன் என்பவருடையது அல்ல.

உன்னை அனுப்பாவிட்டாலும் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

ராசப்பன்

பரமத்தி,
16-12-1936

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் சந்தை நாளில் வந்தது. வீடு நிறைய ஆள். பிறகு வாசிக்கிறேன் என்றேன். அப்பா "இப்பவே வாசி" என்றார். வாசித்தேன். "சாட்சி பதில் சொல்லவில்லை" என்று இரண்டாவது தடவை வந்தபோது கடிதத்தை மடிக்கப் போனேன். அப்பா விடவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். சாப்பிட வரவில்லை.

இன்று காலையில் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "கூண்டுக்கு எதுக்கால எங்க பெரியப்பன் மகன் நின்னுக்கிட்டிருந்தான் கண்ணு. ஒண்ணாச் சோறு தின்னு வளந்தவன். அவனைப் பாத்ததும் நாக்கு எந்திரிக்கல. எறங்கி வந்து, 'கூண்டுல சொல்லிப்போட்டேன்'னு உங்க ஆத்தாகிட்டச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிப்போட்டேன்" என்றார். ஊருக்கே கேட்கப் பேசுகிற மனிதர், மாட்டுக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

வாசகசாலையில் பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசச் சொல்லிவிட்டார். உங்களுக்கு வேலையானதும் என்னைச் சேலத்துக்கு அவரே கொண்டுவந்து விடுவாராம். அதைக் கேட்டதும் பால் செம்பைக் கொட்டிவிட்டேன். அதற்குத் திட்டுகூட விழவில்லை. நீங்கள் இல்லாத வரியைக் காட்டி என்னை அழைத்துக்கொள்ளவில்லை. அதற்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

இனி வருவது அப்பா சொல்ல நான் எழுதுவது.

"மாப்பிள்ளைங்களுக்கு அப்புசாமி எழுதிக்கிறது. அந்தச் சுவாமிநாதன்ங்கறவரு இன்னும் இருக்காருங்களான்னு விசாரிச்சு வெயிங்க. பதினோரு வருசமா அவரை நான் பேசாத பேச்சில்லீங்க. பொங்கலுக்கு வந்தீங்கன்னா ரண்டு பேரும் போய்ப் பாத்துப்போட்டு வரலாம். அவரு மொகத்தைப் பாத்தா எனக்கு வாய் வராதுங்க. நீங்கதான் கூட நிக்கோணும்."

உங்கள்,
சௌந்திரம்