மைனாத்துறை அல்ல, வழுக்குப்பாறை

அனுப்புநர்:
மாவு மில்காரர் மனைவி,
ஆற்றங்கரை முதல் வீடு
(பழைய வரைபடத்தில் விடுபட்ட வீடு, அதற்குத் தனி மனு வரும்).

பெறுநர்:
நில அளவை அதிகாரி அவர்கள்,
நில அளவை அலுவலகம்.

பொருள்: ஆற்றுப் பள்ளத்தாக்கின் பழைய வரைபடத்திலிருந்து என் நாத்தனார் பெயரை நீக்கி, இடத்தின் உண்மைப் பெயரை எழுதக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். போன வாரம் எங்கள் ஆற்றில் விழுந்த தங்களுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

2. எனக்குக் கல்யாணமான வருடம் வரைபடம் போட ஆட்கள் வந்தார்கள். மேடு பள்ளத்தையெல்லாம் கருவி வைத்து அளந்தார்கள். பெயர்களை மட்டும் கரையில் யார் நின்றார்களோ அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பாறையருகே நின்றவள் என் நாத்தனார். வீட்டில் அவளை மைனா என்று கூப்பிடுவோம். "இந்த இடத்துக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டதும், கொஞ்சமும் கூசாமல் "மைனாத்துறை" என்றாள். துணிக்கூடையோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். புது மருமகள், வாய் திறக்க முடியாது. அன்று மூடிய வாயை இம்மனு மூலம் திறக்கிறேன்.

3. அந்த இடத்தின் பெயர் வழுக்குப்பாறை. பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை, விழுந்து எழுந்து வைத்தார்கள்.

4. இப்போது அதே வரைபடத்தை நம்பி அங்கே படிக்கட்டு கட்டி, மைனாத்துறை என்று பலகையும் மாட்டப் போகிறீர்களாம். நாத்தனாரிடம் நியாயம் கேட்டதற்கு, "கவர்மெண்டே எழுதிடுச்சு அண்ணி, முடிஞ்சா மேப்போட சண்டை போடுங்க" என்றாள். அவள் சொல்லி நான் கேட்கும் முதல் பேச்சு இதுதான்.

5. தாங்கள் இடம் பார்க்க வந்தபோது, "தம்பி, அங்க காலை வைக்காதீங்க, வழுக்கும்" என்று கத்தினேன். "மேப்புல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொல்லிக் காலை வைத்தீர்கள். பிறகு நடந்ததை மனுவில் எழுதுவது மரியாதையாகாது. ஆனால் படிக்கட்டு வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்குவார்கள். தங்களைத் தூக்கிவிட்டதுபோல அவர்களைத் தூக்கிவிட அங்கே சிப்பந்திகள் நிற்க மாட்டார்கள்.

ஆகவே, படிக்கட்டை மேலே மணல்திட்டுப் பக்கம் மாற்றி, வரைபடத்தில் வழுக்குப்பாறை என்று எழுத உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாத்தனார் மனம் நோகக் கூடாது என்று தோன்றினால், அவள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடைக்கு அவள் பெயரை வைக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் இடது கால் ஷூ மறுநாள் எங்கள் கரையில் ஒதுங்கியது. கழுவிக் காயவைத்திருக்கிறேன். திருத்திய வரைபடத்தைக் காட்டிவிட்டு வாங்கிச் செல்லலாம்.

இடம்: வழுக்குப்பாறை
நாள்: தாங்கள் விழுந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காத மருமகள்
(சொந்தக் கையெழுத்து)