குறட்டை நின்ற நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் மனதில் ஓடுகிறது. கையில் ஃபோன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். ஃபோனில் அப்பா பேச்சை எடுத்தால் போதும், உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. குறுக்கே பேசாமல் கடைசி வரை படி.

போன தடவை பேசும்போது நீ ஒன்று கேட்டாய். நன்றாகத் தூங்குவதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல் அக்கா என்றாய். படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன், ஆனால் காலையில் தலை கல்லாகக் கனக்கிறது, தூங்கி எழுந்த மாதிரியே இல்லை என்றாய். கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டும்போதே கண் சொருகுகிறது, நேற்று ஒரு அடுக்கில் போய் இடித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். உனக்குச் சிரிப்பு. நீ வைத்த பிறகும் நான் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெத்தை சரியில்லை, தலையணை சரியில்லை என்று காரணத்தையும் நீயே சொல்லிக்கொண்டாய்.

சரி, கேட்டுவிட்டானே என்று, நம் வீட்டில் யார் யாருக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று வேவு பார்க்க ஆரம்பித்தேன். தையல் வேலையை வீட்டிலேயே வைத்திருப்பவளுக்கு வேவு பார்ப்பதுதானே பக்கத் தொழில்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துணி மடித்துக்கொண்டே பேசுவாள். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகப் போய் என்பாள். அவ்வளவுதான், கையில் பாதி மடித்த துண்டு, தலை சுவரில், ஆள் போய்விட்டாள். ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். அதை அணைத்தால் உடனே கண் விழித்து, யார் அணைத்தது என்று கேட்பாள். அதோடு விட மாட்டாள், போய் வாங்கினால்தான் கீரை புதிதாகக் கிடைக்கும் என்று விட்ட இடத்திலிருந்து முடிப்பாள். தூக்கம் அவளுக்கு ஒரு பேச்சின் நடுவில் விடும் மூச்சு மாதிரி.

உன் அத்தான் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும் ரகம். கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்கும். இறங்க வேண்டிய இடம் வந்தால் கண் தானாகத் திறக்குமாம். ஒரு தடவை பஸ் வேறு வழியில் போனது. திறக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இருந்து ஃபோன் பண்ணினார்.

உன் மருமகள் வாண்டுக்கு யாருடைய காது மடலையாவது விரலால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். என் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது மாமா காது மாதிரி மெத்தென்று இல்லை என்று முகத்தைச் சுளிக்கிறாள். உன் காதைக் கழற்றி அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

எனக்கு எப்படி என்றால், கண்ணை மூடியதும் அன்றைக்குத் தைத்த துணி ஓட ஆரம்பிக்கும். இந்த வாரம் ஒரு தங்கும் விடுதிக்கு ஜன்னல் திரைகள் தைக்கிறேன். இளநீலம். ஊசிக்குக் கீழே அது நழுவி நழுவிப் போகும், முடியவே முடியாது. கொஞ்ச நேரத்தில் அது துணியா தண்ணீரா என்று தெரியாமல் போய்விடும். நானும் அதன் மேல் மிதந்து, முன் அறை ஜன்னல் வழியாக வெளியே போய், தெருவிளக்குகளுக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். யாராவது கூப்பிட்டால்தான் விழுவேன்.

இனி அப்பா. சிக்னல் போய்விடாதே, படி.

அப்பாவின் சலூனுக்கு முடி வெட்ட வருபவர்களைவிடத் தூங்க வருபவர்கள்தான் அதிகம் என்று உனக்கே தெரியும். மதியத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குள் போனால் யாருக்கும் கொட்டாவி வரும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். வெந்நீரில் பிழிந்த துண்டின் வாசனை, பவுடர் வாசனை. கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் கிச் கிச் என்று பேசும். அப்பா கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் வாய் திறந்துவிடும். வங்கி மேனேஜர் அந்த நாற்காலியில் தூங்கிவிட்டு, எழுந்து, வீட்டில் தூக்கம் இப்படி வர மாட்டேன் என்கிறதே என்று குழந்தை மாதிரி முறையிடுவார்.

தெருவையே தூங்க வைக்கும் அந்த மனிதர், நீ போனதிலிருந்து கண் மூடவில்லை. பொய் சொல்லவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. கை நடுங்குகிறது என்று சவரம் செய்வதையே நிறுத்திவிட்டார், கத்தரிக்கோல் வேலை மட்டும்தான். வந்தவர்களிடம் பிளேடு தீர்ந்துவிட்டது என்று சமாளிக்கிறார். எத்தனை நாளைக்குத்தான் பிளேடு தீரும்? பல வருஷமாக வருபவர்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா சும்மா இருப்பாளா? சூடாகப் பால் கொடுத்தாள். வெந்நீரில் காலை வைக்கச் சொன்னாள். படுக்கையின் திசையை மாற்றினாள், தலையணையை மாற்றினாள், ரேடியோவைக்கூட விட்டுக்கொடுத்தாள், அவள் எதை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நீயே யோசித்துப் பார். ஒன்றும் பலிக்கவில்லை. உள் அறை அமைதியாக இருக்கும், அங்கே வந்து படுங்கள் என்றால் வர மாட்டேன் என்கிறார். நீங்கள் இருவரும் படுத்த அதே முன் அறையில், உன் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறார்.

உன் கோபம் எனக்குத் தெரியும். நீ குறட்டை விட்டால் அப்பா விலாவில் குத்துவார், தோளைப் பிடித்துத் தள்ளுவார். வளர்ந்த பிள்ளையை, வேலைக்குப் போகிற பிள்ளையை, ஒரு சத்தத்துக்காக இப்படி நடத்துகிறாரே என்று நீ கூட்டாளிகள் அறைக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தாய். அப்புறம் அந்தத் தூர தேசத்து வேலை வந்தது. போகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இனிமேல் உங்களுக்கு நிம்மதியான தூக்கம்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாய். அப்பா கையில் இருந்த சீப்பைத் துடைத்துக்கொண்டே நின்றார். அதிலிருந்து அவருக்கும் உனக்கும் ஒரு வார்த்தை கிடையாது.

முந்தாநாள் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தூறல். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. நாற்காலியில் லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். உனக்குத் தெரியும், கதவில் பக்கவாட்டாக நுழைவாரே, அந்தப் பெரிய உடம்புக்காரர். ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது, மறு பக்கம் காடாக இருந்தது. ஆள் வழக்கம்போலத் தூங்கிவிட்டார். அவர் விட்ட குறட்டை, வீட்டுச் சாமான்களையெல்லாம் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு இழுப்பது போல இருந்தது.

அப்பா எங்கே என்று பார்த்தேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், கையில் சீப்போடு, தலை சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்! சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமே என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் மழை வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. குறட்டை ஏறும்போது அப்பாவின் மார்பு ஏறியது. இறங்கும்போது இறங்கியது. முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாகக் கலைந்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்து அப்பா மாதிரி இருந்தார். எனக்கே கண் செருகியது. அந்தக் கடை மெதுவாகத் தண்ணீரில் இறங்கி எங்களையும் கொண்டுபோவது போல இருந்தது.

திடீரென்று குறட்டை நின்றது. மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்பா எழுந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கண் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு நாற்காலிக்குப் போனார். லாரிக்காரர் விலாவில் ஒரு குத்து, தோளில் ஒரு தள்ளு. அந்த மலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தவர் மேலே வந்தது மாதிரி லாரிக்காரர் ஒரு பெரிய மூச்சை இழுத்தார். குறட்டை மறுபடி ஆரம்பித்தது. அப்பா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை.

என்னப்பா இது என்று கேட்டேன். சீப்பைப் பெஞ்சில் வைத்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கும் இப்படித்தாம்மா மூச்சு நின்னுடும். சின்னதுலேருந்து. ஒரு தட்டு தட்டிப் புரட்டி விட்டா திரும்ப வந்துடும்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குறட்டைச் சத்தத்துக்காகத்தான் குத்துகிறார் என்று நீ நினைத்தாய், நாங்களும் நினைத்தோம். சத்தம் இருக்கும் வரை அவர் உன்னைத் தொட்டதே இல்லையாம். நின்றபோதுதான் தொட்டாராம். உனக்குத் தூக்கத்தில் எப்படித் தெரியும்?

இதை அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கத்தினேன். சொன்னால் பயந்துபோய்த் தூங்காமல் கிடப்பானே என்றார். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், அவன் தூங்கினால் சரி என்று விட்டுவிட்டாராம். உங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டு உதைக்க வேண்டும் போல இருந்தது. ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார், இன்னொருத்தன் காதைத் திறக்க மாட்டான்.

பிறகு அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். "சத்தம் கேட்டா நான் தூங்கிடுவேன். நின்னாத்தான் முழிப்பு வரும். இப்ப சத்தமே இல்ல. நின்னுடுச்சா, இல்ல தூரத்துல இருக்கானான்னு இந்த உடம்புக்குத் தெரிய மாட்டேங்குது."

நான் அழுத அழுகையில் லாரிக்காரர் எழுந்துவிட்டார். பாதித் தலையோடு திரும்பி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், அட எனக்கும் அதேதான் என்றார். வண்டி ஓட்டும்போது தூங்கி, பாலத்துச் சுவரில் போய் நின்ற பிறகுதான் டாக்டரிடம் போனாராம். தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நிற்பது, காலையில் தலைக்கனம், பகலில் கண் சொருகுவது எல்லாம் ஒரே நோயின் வேலையாம். ஒரு ராத்திரி மருத்துவமனையில் தூங்க வைத்துப் பார்ப்பார்களாம். முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், இப்போது வீட்டில் அதோடுதான் தூங்குகிறாராம். இங்கே நாற்காலியில் மட்டும்தான் இந்தக் கச்சேரி. நீ சொன்ன தலைக்கனமும் இடித்த அடுக்கும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெத்தையும் இல்லை, தலையணையும் இல்லை தம்பி.

ஆகையால் அக்கா சொல்வதைக் கேள். முதலில் டாக்டரிடம் போ. நாளைக்குப் போகிறேன் என்று இழுக்காதே. அவர் சரி என்று சொல்லும் வரை அந்த வண்டியில் ஏறாதே, கீழே நின்று செய்கிற வேலை ஏதாவது கொடுக்கச் சொல்லிக் கேள். மேனேஜர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அங்கே உன் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவரிடமும் வெட்கப்படாமல் விஷயத்தைச் சொல்லி வை.

இதோடு ஒரு பனியனும் அனுப்புகிறேன். முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் ஒரு ரப்பர் பந்து வைத்திருக்கிறேன். மல்லாந்து படுத்தால் உறுத்தும், தானாகப் புரண்டு பக்கவாட்டில் படுப்பாய். லாரிக்காரர் சொன்ன யோசனை. மல்லாந்து படுத்தால்தான் அதிகமாக அடைக்குமாம். டாக்டரைப் பார்க்கும் வரைக்கும்தான் இது, இதை மாட்டிக்கொண்டு டாக்டரை ஏமாற்றிவிடாதே. பந்து உன் மருமகளுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். பையை எங்கே தைப்பது என்று நான் சாக்கட்டியோடு யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். பனியனை மேசையில் விரித்து, கையால் ஒரு முறை நீவி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். நான் அளக்கவில்லை. அவர் விரல் வைத்த இடத்திலேயே தைத்துவிட்டேன்.

அப்புறம் அவருக்கு ஒரு ஃபோன் பண்ணு. மன்னிப்பு அது இது என்று ஆரம்பித்துவிடாதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால் பேசவே வேண்டாம். படுக்கும்போது கூப்பிட்டு, ஃபோனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குத் தூங்கு. இங்கே என்ன நேரம் என்று கணக்குப் பார்க்காதே. எப்போது கூப்பிட்டாலும் அவர் விழித்துத்தான் இருப்பார்.

நீ நூறு வயது வரை, நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல், ஊரே எழுந்திருக்கும்படி குறட்டை விட வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா