ஒன்பதரை மணி மெசேஜ்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. அரியலூர் பஸ் ஸ்டாண்ட் முழுக்க சிமெண்ட் லாரிப் புழுதி. பெரம்பலூர் பஸ் இன்றும் லேட். குடை ரிப்பேர், அம்மா மாத்திரை. மறக்கக் கூடாது.

பஸ்ஸில் பக்கத்தில் தா.பழூர் பெண் சங்கீதா. நான் வேலை பார்க்கும் பெரம்பலூர் காலேஜில் செகண்ட் இயர். ஒன்பதரைக்கு அவள் போன் அடித்தது. அப்பா. கத்துவது எனக்கே கேட்டது.

"காலேஜுக்கு வரலன்னு மெசேஜ் வந்திருக்கு. எங்கடி இருக்க?"

"பஸ்லப்பா."

"தெனம் இதையே சொல்ற. இன்னொரு தடவ மெசேஜ் வந்துச்சு, படிச்சது போதும்."

அந்த மெசேஜை அனுப்புவது ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் எழுதிவைத்த ஸ்கிரிப்ட். தினமும் ஒன்பதரைக்குத் தானாக ஓடும். கைரேகை மிஷினில் யார் விரல் வைக்கவில்லையோ, அவர்கள் வீட்டுக்கு மெசேஜ். அது ஓடும்போது நானும் அதே பஸ்ஸில்தான் நிற்கிறேன். அவளுக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

பிரின்சிபாலிடம் போனேன். மெசேஜ் போகும் நேரத்தைப் பத்தாக்கலாமா சார்? "முந்தின பஸ்ல வரட்டும். டைம மாத்துனா எல்லாம் பத்துக்குத்தான் வரும்." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காரில் வரும் மனுஷன். தா.பழூரில் முந்தின பஸ் எது என்று அவருக்கு என்ன தெரியும்.

இன்று பஸ் பரவாயில்லை. சங்கீதா ஓடிப்போய் விரல் வைத்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மாத்திரை வாங்கியாச்சு. குடை இன்னும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. வழியில் லாரி கவிழ்ந்து ரோடே அடைப்பு. பஸ் நகரவில்லை. சங்கீதா கம்பியைப் பிடித்தபடி மணியையே பார்க்கிறாள்.

போனிலேயே காலேஜ் சர்வருக்குள் போனேன். சிக்னல் வருது, போகுது. பாஸ்வேர்ட் இரண்டு தடவை தப்பு. ஒருவழியாக, ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்கிரிப்ட் ஓடாதபடி நிறுத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஒன்பதரை தாண்டியது. யாருக்கும் எதுவும் போகவில்லை. சிரிப்பே வந்தது.

அப்புறம் அவள் போன். அப்பாதான்.

"லாரி கவுந்து பஸ்ஸெல்லாம் நிக்குதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு. ஆனா காலேஜ்லேர்ந்து மெசேஜ் வரல. அப்ப நீ போய்ச் சேந்துட்ட. யாரு வண்டியில போன?"

"பஸ்லதான்பா நிக்கிறேன்."

"பொய் சொல்லாத."

போனை வாங்கினேன். "ஐயா, நான் காலேஜ் ஆபீஸ்ல வேலை பாக்குறேங்க. உங்க பொண்ணு என் பக்கத்துலதான் நிக்குது. மெசேஜ நான்தான் நிறுத்துனேன்."

"எத்தன நாளா இப்படி அவளுக்காக நிறுத்துறீங்க?"

"இன்னைக்கு மட்டுங்க."

"அவகிட்ட குடுங்க."

கேட்டுக்கொண்டே நின்றாள். சரிப்பா, வீட்டுக்கே வந்துடுறேன்பா என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தன நாளும் அனுப்புனது நீங்கதானாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெரம்பலூரில் இறங்கினோம். அவள் காலேஜ் பக்கம் திரும்பவில்லை. கிளம்பத் தயாராக நின்ற அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.